கச்சேரிக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்

சீசன் முடிந்த மலையூர், 2,600 மீட்டர் உயரம், நீங்கள் இருவரும் போய் இறங்கும் மாலையே திறந்தவெளிக் கச்சேரி, தங்குமிடமோ ஒரு மணி நேரத் தொலைவில். சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சரியாகப் படவில்லை.

2,500 மீட்டரைத் தாண்டினால் முதல் இரவில் பலருக்கும் தலைவலி, குமட்டல் வரும். நாங்களும் இப்படித்தான் அவசரமாகப் போனோம். என் மனைவி பாதிக் கச்சேரியைக் கண்களை மூடி, நெற்றியில் கை வைத்தபடி கேட்டார். லயித்துப் போயிருக்கிறார் என்றல்லவா நினைத்தேன்! இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். நடக்கும்போது தெரியாத குளிர், கல் படியில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும்போது எலும்புக்குள் இறங்கும். ஸ்வெட்டரைவிட, உட்கார ஒரு தடித்த விரிப்பு முக்கியம். டிக்கெட் செல்போனில் இருந்தால் அதை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும்.

அறையை அரங்கிலிருந்து நடக்கும் தூரத்துக்கு மாற்றுங்கள். சீசன் இல்லாததால் எளிதில் கிடைக்கும். நள்ளிரவில் வாகனம்தான் கிடைக்காது. ரோப்கார் பராமரிப்புக்காக நின்றிருக்கலாம், முன்பே விசாரித்துவிடுங்கள்.