களஞ்சியத்தில் கல்யாணம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸில் வசிக்கிறேன். நண்பன் திருமணத்துக்காக கிரெஸ்ஸிங் டெம்பிள் போயிருந்தேன். டெம்ப்ளர் வீரத்துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு மரக் களஞ்சியங்கள் அங்கே நிற்கின்றன. கோயில் போன்ற இடம். அங்கே ஆட்டமும் மதுவும் விருந்தும் பார்த்து மனம் ஒப்பவில்லை. இதை வாடகைக்கு விடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தாராளமாக விடலாம். ஆள் புழங்காத மரக்கட்டடத்தில் ஓடு விலகினால் யார் பார்ப்பது? 1987இல் எஸ்ஸெக்ஸ் மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தை வாங்கியது நல்ல காரியம். மதுவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

'கோயில் போன்ற இடம்' என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. இல்லை, கார்த்திக். அது வேலைத்தலம். அறுத்த கதிர்க்கட்டுகளை அங்கே அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுக்கத் தடியால் அடித்துத் தானியம் பிரித்தார்கள். எதிரெதிரே பெரிய கதவுகள் இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டையும் திறந்தால் காற்று ஊடே பாயும், பதர் பறக்கும். நமக்கு வெட்டவெளியிலேயே களம். அந்த மழை நாட்டில் களத்துக்கே கூரை வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க் களத்தில் என் சித்தி தூற்றுவாள். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றுக்காகக் காத்து நிற்பாள். புருவத்திலும் கழுத்து வியர்வையிலும் தூசு அப்பியிருக்கும். பண்ணைக் காரியக்காரர் மரக்காலோடு வருவார். கூலி அளக்கும்போது உள்ளங்கையால் மரக்காலின் தலையைத் தட்டி மட்டமாக்குவார். குத்தகை நெல் வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பார். அந்த உள்ளங்கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அங்கும் கணக்கு ஒருநாள் கேட்கப்பட்டது. 1312இல் டெம்ப்ளர் அமைப்பு கலைக்கப்பட்டபின் அந்நிலம் ஹாஸ்பிட்டலர்கள் என்ற இன்னொரு வீரத்துறவி அமைப்பிடம் போனது. அவர்களுடைய இங்கிலாந்துத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ், நாட்டின் கருவூலப் பொறுப்பிலும் இருந்தார். தலைவரி மக்களை வதைத்த காலம். 1381 ஜூனில் எஸ்ஸெக்ஸ் குடியானவர்கள் கிரெஸ்ஸிங்கில் புகுந்து சூறையாடினார்கள். சில நாட்களில் லண்டனில் ஹேல்ஸின் தலையை வெட்டினார்கள். களஞ்சியங்கள் தப்பின.

உங்கள் கடிதத்தில் வீரத்துறவிகள் இருக்கிறார்கள். கதிரடித்தவன் எங்கே? கட்டியவர் பெயரைக் கேட்டதும் கைகூப்பும் பழக்கத்தை முதலில் விடுங்கள். கல்யாணத்துக்கு வந்த பெரும்பாலோர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கதவுக்குள் கூலிக்கு மட்டுமே நுழைந்திருப்பார்கள். இன்று விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

கூட்டமில்லாத நாளில் மறுபடி போங்கள். கதவுகளுக்கு நடுவே நின்று பாருங்கள். உத்தரங்களின் மூட்டுகளையும் பாருங்கள், அந்தத் தச்சர்கள் மேதைகள். மணமக்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.