நோய்க்கிருமி ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: எஸ்டிபிஎம் முடித்த மகள், பல்கலைக்கழகத்தில் நோய்க்கிருமிகளைப் பற்றி ஆராயப் போகிறேன் என்கிறாள். அங்கே என்னதான் செய்வார்கள்? ஆபத்தில்லையா?

தாராளமாக அனுப்புங்கள். கோலாலம்பூரில் மெலியாய்டோசிஸ் நோயின் கிருமியை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பர்கோல்டேரியா சூடோமாலி என்பது அந்தக் கிருமியின் பெயர். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும், அடைமழை நாளில் மூச்சு வழியாகவும் போகும். நல்ல உடம்புக்காரர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களைத்தான் பாடாய்ப் படுத்தும். நம் குடும்பங்களில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இந்தக் கிருமியை எடுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

கோலாலம்பூருக்கு இது பழைய எதிரி. இந்த நோயை 1911-ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் முதன்முதலில் கண்டார்கள். 1913-ல் இங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த கினிப் பன்றிகளுக்கும் முயல்களுக்கும் நோய் பரவியது. அதைத் துருவிப் பார்த்த ஸ்டாண்டனும் ஃப்ளெச்சரும்தான் 1921-ல் நோய்க்கு இன்றைய பெயரை வைத்தார்கள். அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புதுச்சேரியும் சகாக்களும், கிருமி இரத்தத்தில் பரவிய 50 நோயாளிகளின் விவரங்களை 1992-ல் தொகுத்து வெளியிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நோயாளியின் சீழையோ சளியையோ கிருமி வளர்வதற்கான சத்துக் கலவை ஊற்றிய ஆஷ்டவுன் என்ற தட்டில் தேய்க்கிறோம். அதில் ஜென்டாமைசின் மருந்து கலந்திருக்கும். மற்ற பல கிருமிகள் அதில் தலையெடுக்காது, ஆனால் இது வளரும். முதல் நாள் குண்டூசி முனை அளவில்தான் தெரியும். அவசரப்பட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டால் போச்சு. நாலைந்து நாள் விட்டால் ஊதா நிறம் ஏறி, உலர்ந்து, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து நிற்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. சாதாரணத் தட்டில் வளர்ந்தால், ஏதோ தூசியோடு வந்த கிருமி என்று ஒதுக்கிவிடவும் வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் நோயாளிக்கு வேறு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். எனக்குத் தாங்க முடியாத விஷயம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சரவாக்கில் கிடைத்த இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்கு மடிகின்றன என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் மேலே சொன்ன தட்டில் அவை முளைக்கவே முளைக்காது. ஊருக்கு ஊர் கிருமி மாறுவதால், நம் மண்ணின் கிருமியை நாமே ஆராய்ந்தாக வேண்டும்.

இந்த ஆராய்ச்சியால் உயிர் பிழைக்கிறதா என்றால், பிழைக்கிறது. செஃப்டாசிடைம் மருந்து கொடுத்தால் கடுமையான மெலியாய்டோசிஸில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று தாய்லாந்தில் நடந்த ஆய்வு 1989-ல் காட்டியது. இன்றைக்கும் குறைந்தது 10 நாளாவது ஊசி, பிறகு 3 மாதத்துக்குக் குறையாமல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை என்றுதான் வைத்தியம் போகிறது. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கிருமிக்கு மண்வாசனை போல ஒரு வாடை உண்டு. ஆனால் மூக்கருகே தட்டைக் கொண்டுபோகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. திறந்து செய்யும் வேலை முழுக்கக் காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான். மகள் சேர்ந்ததும் இதைத் தொடப் போவதில்லை. இளங்கலையில் பெரும்பாலும் தீங்கில்லாத கிருமிகளை வைத்துத்தான் கை பழக்குவார்கள். ஆய்வுக்கு என்று போகும்போது, மேற்பார்வையாளரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பாதுகாப்புப் பயிற்சியை யார் தருகிறார்கள், தவறுதலாகக் கிருமி பட்டுவிட்டால் உடனே என்ன செய்வார்கள். நல்ல ஆய்வகத்தில் பதில் தயாராக இருக்கும்.