லென்ஸ் மாட்டியதும் கேனான் கேமராவில் 'எர்ரர் 01' வருகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பல நேரங்களில் முடியும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தகவல் சரியாகப் போகவில்லை என்பதுதான் இந்த எர்ரரின் பொருள். லென்ஸின் பின்பக்கம் வரிசையாக இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகள் வழியாகத்தான் அது போகிறது. விரல் பட்ட எண்ணெய்ப்பசையே தொடர்பைக் கெடுக்கப் போதும்.

கேமராவை அணைத்து, பேட்டரியையும் எடுத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். பஞ்சு உதிராத துணியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் (90 சதவீதத்துக்கு மேல்) லேசாக நனைத்துப் புள்ளிகளைத் துடையுங்கள். திரவத்தை நேரே ஊற்றவே கூடாது. கேமரா பக்கத்து ஊசிகளைத் துடைக்கும்போது அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடியிலோ சென்சாரிலோ கை படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய முலாம் தேயும், ரப்பர்த் துகள் உள்ளே விழும்.

துடைத்தும் வருகிறதா? வேறு லென்ஸ் கிடைத்தால் மாட்டிப் பாருங்கள். அதிலும் வந்தால் சந்தேகம் கேமரா மேல். இந்த லென்ஸில் மட்டும் என்றால், எஃப் எண்ணை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவைக் காட்டும் எண்; சிறிய எண் என்றால் துளை பெரியது) இருப்பதிலேயே சிறியதாக வைத்து ஒரு படம் எடுங்கள், அப்புறம் எஃப் 8-இல் ஒன்று. முதலாவது சரியாக வந்து இரண்டாவதில் மட்டும் எர்ரர் வந்தால், பெரும்பாலும் அந்தத் துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகளோ (அபெர்ச்சர் இதழ்கள்) அவற்றுக்குப் போகும் ரிப்பன் கேபிளோ பழுதாகியிருக்கும். அதற்கு லென்ஸைப் பிரித்தாக வேண்டும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.