பனித்துப்பாக்கி சகதியைக் கக்குவது ஏன்?

தண்ணீரைத் தூவிச் செயற்கைப் பனி செய்யும் பனித்துப்பாக்கியை மைனஸ் 1 டிகிரியில் ஓட்டியும் பனிச்சறுக்குச் சரிவில் சகதிதான், அதாவது நீர் கோத்த ஈரப்பனிதான், விழுகிறது என்கிறீர்கள். தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவைப் பாருங்கள். ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அது மைனஸ் 1.5 பக்கத்தில்தான் நிற்கும். ஈரக்குமிழ் அளவு மைனஸ் 2.5க்குக் கீழே இறங்கும்வரை பம்பைத் தொடவே வேண்டாம். காற்று 30 சதவீத ஈரப்பதத்தில் வறண்டிருந்தால் ஈரக்குமிழ் அளவு அதற்கும் கீழே போய்விடும், சாதாரண தெர்மாமீட்டர் பிளஸ் 1 டிகிரி காட்டினாலும் பனி விழும்!

ஓடும்போது துப்பாக்கிக்கு எதிரே தள்ளி நின்று கையை நீட்டுங்கள். பனி ஜாக்கெட்டில் பட்டுத் துள்ளி உதிர்ந்தால் சரி. ஒட்டி நனைத்தால் தண்ணீர் வால்வை ஒரு படி குறையுங்கள். அழுத்தக் காற்றைக் கூட்டியும் சமாளிக்கலாம்தான், ஆனால் கம்ப்ரசரின் மின்கட்டணம் கையைக் கடிக்கும். 1 கன மீட்டர் தண்ணீருக்குக் கிடைப்பதே 2 முதல் 2.5 கன மீட்டர் பனி. அதுவும் சகதியாகிவிட்டால் இரவில் பாளமாக உறைந்து, சரிவைச் சீர்செய்யும் வண்டிக்கு இரட்டை வேலை.