ஆரிசன் ஸ்வெட் மார்டன்: கேளுங்கள், சொல்கிறேன்

நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முன்னேற்ற நூல்கள் இருந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே பல வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த வகைப் புத்தகங்களின் பூர்வீகத்தைத் தோண்டுவதில் ஒரு பித்து. இன்றைக்கு அமெரிக்க எழுத்தாளரும் ஓட்டல் முதலாளியுமான மார்டன் (1848-1924) பற்றிய கேள்விகள் மட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். பொன்மொழிப் படத்தைக் கொண்டுவந்து "இது அவர் சொன்னதா?" என்று கேட்காதீர்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அதை உங்களுக்கு அனுப்பியவரிடம் கேளுங்கள்.

காவிரிக்கரையான்: பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் ஐயா. யார் இவர்?

நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காட்டில் தார்ன்டன் கோர் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தாய் போனார், ஏழு வயதில் தந்தை. அதற்குப் பிறகு வீடு வீடாக மாற்றி அனுப்பப்பட்டார். சோறு போட்டார்கள், வேலை வாங்கினார்கள். அப்படி ஒரு வீட்டின் பரணில் கிடைத்த பழைய புத்தகம்தான் சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்'. அமெரிக்காவின் ஸ்மைல்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை அங்கே முளைத்தது. படித்து மேலே வந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகப் பட்டம், 1881இல் ஹார்வர்டில் மருத்துவம், அடுத்த வருஷமே சட்டம். வைத்தியமும் பார்க்கவில்லை, வாதாடவும் இல்லை. ஓட்டல் நடத்தினார். 1894இல் 'புஷிங் டு த ஃபிரண்ட்' என்ற புத்தகம் வந்தது, 1897இல் 'சக்சஸ்' பத்திரிகை.

பரணில் பூனை: அந்த ஸ்மைல்ஸ் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

தனி அமர்வே போடலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர், இவரும் மருத்துவம் படித்தவர், பிறகு ரயில்வே கம்பெனிச் செயலாளர். 'செல்ஃப் ஹெல்ப்' வந்தது 1859இல். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும் அதே வருஷம், பதிப்பாளரும் அதே ஜான் மர்ரே. முதல் வருஷமே 20,000 பிரதி போனது. 1871இல் ஜப்பானிய மொழிக்குப் போய் அங்கே பெரிய அலையைக் கிளப்பியது. பின்னால் மார்டனுக்கும் ஜப்பானில் நிறைய வாசகர்கள் கிடைத்தார்கள் என்றால், பாதை ஏற்கெனவே போட்டிருந்தது.

சேலத்து மாம்பழம்: "கதவு தட்டினால் திறக்காது, உடைத்தால்தான் திறக்கும்" இது மார்டன் சொன்னதுதானே?

எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?

படிப்பாளி தம்பி: அனாதைப் பையன் இத்தனை பட்டம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது அண்ணா?

நல்ல கேள்வி. இதை யாருமே கேட்பதில்லை. படிக்கும்போதே ஓட்டல் வேலையிலும் சமையல் ஏற்பாட்டிலும் இறங்கிவிட்டார் தம்பி. படிப்பு முடியும்போது கையில் ஏறக்குறைய 20,000 டாலர் சேர்ந்திருந்தது என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்தில் சாதாரணத் தொழிலாளி வருஷம் முழுக்க உழைத்தாலும் சில நூறு டாலர்தான் பார்ப்பார். அதோடு ஒப்பிட்டால் இது என்ன தொகை என்று புரியும். பணக்காரர்கள் கோடையில் எங்கே போகிறார்கள், எதைச் சாப்பிட விரும்புகிறார்கள் என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிளாக் ஐலண்ட் என்று ஒரு தீவு. அங்கே ஓட்டல் பிடித்து அதைக் கோடைவாசிகளின் ஊராக மாற்றினார். பிறகு மேலும் ஓட்டல்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் கியர்னி நகரம் வரைக்கும் போனார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவரைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வருகிறது: அவர் இறந்த மறுவருஷம், 1925இல், மார்கரெட் கானலி எழுதிய வரலாறு. எழுதியவர் மார்டனிடம் வேலை பார்த்தவர். புத்தகத்தின் தலைப்பிலேயே 'மனிதர்களுக்கு நன்மை செய்த மனிதர்' என்று இருக்கிறது. மாலை போட்டபடி எழுதிய வரலாறு என்று நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஈரோட்டு லாட்ஜ்காரர்: கடைசியில் அந்த ஓட்டல்கள் என்ன ஆயின?

கையை விட்டுப் போயின. 1890களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் வறட்சி. அதற்கு முன்பு கியர்னியில் நிலம், கட்டடம் என்று எல்லாம் தாறுமாறாக விலை ஏறி, பிறகு அதே வேகத்தில் இறங்கியது. 1893இல் நாடு முழுக்க வங்கிகள் மூடிய நெருக்கடி. நாலைந்து ஓட்டல் வைத்திருந்த மனிதர் அந்த வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சி சமயத்தில் இன்னொருவர் ஓட்டலில் சம்பளத்துக்கு மேனேஜர். வயது 45.

ஈரோட்டு லாட்ஜ்காரர்: அதைத்தான் கேட்க வந்தேன். தொழிலில் நொடித்துப் போனவர் அடுத்த வருஷமே "முன்னேறுவது எப்படி" என்று புத்தகம் போடுகிறார். நான் 18 அறை வைத்து லாட்ஜ் நடத்துகிறேன். என் கல்லா காலியாக இருக்கும்போது நான் யாருக்காவது வெற்றி பற்றி வகுப்பெடுத்தால் சிரிக்கமாட்டார்களா?

சிரிப்பார்கள். ஆனால் அவர் தவறாக ஓட்டல் நடத்தினார் என்று சொல்ல முடியாது. தீவு ஓட்டல் என்றால் கோடை மூன்று மாதம்தான் சீசன், மீதி ஒன்பது மாதம் கட்டடத்துக்கு மட்டும் செலவு. வறட்சி வரும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருந்தது?

ஈரோட்டு லாட்ஜ்காரர்: சீசன் தொழிலில் கிடைத்த லாபத்தைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு ஓட்டல் எடுப்பது விதி இல்லை சார், பேராசை. எங்கள் அப்பா ஊட்டியில் ஒரு லாட்ஜ் எடுத்து இப்படித்தான் மாட்டினார்.

கோடம்பாக்கம் குயில்: விழுந்தவன் சொன்னால்தானே ஐயா கேட்க வேண்டும்? விழாதவனுக்கு என்ன தெரியும்?

ஈரோட்டு லாட்ஜ்காரர்: விழுந்தேன் என்று சொன்னால் கேட்கலாம். சொன்னாரா?

சரி, இந்த இடத்தில் லாட்ஜ்காரர் பக்கம் சாய்கிறேன். இதைத்தான் நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். 'புஷிங் டு த ஃபிரண்ட்' புத்தகத்தைத் திறந்தால் லிங்கன், நெப்போலியன், கண்டுபிடிப்பாளர்கள், தளபதிகள் என்று பத்திக்குப் பத்தி பிறர் கதை. ஒரு கதை பத்து வரி தாண்டாது, அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். மார்டனுக்குச் சொந்தமாகத் தெரிந்தது என்ன? சீசன், கடன், சமையல்காரர் சம்பளம், காலி அறை. 45 வயதில் முதலாளி நாற்காலியிலிருந்து இறங்கி வேறொருவர் ஓட்டலில் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வது எப்படி இருந்தது என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் இன்றைக்கும் சூடு ஆறாமல் இருந்திருக்கும். அவர் நெப்போலியன் கதைக்குப் போய்விட்டார்.

கோடம்பாக்கம் குயில்: ஆனாலும் மறுபடி எழுந்தாரே! பத்திரிகை நடத்தினாரே!

எழுந்தார், மறுக்கவில்லை. ஆனால் எப்படி என்று பாருங்கள். 'சக்சஸ்' தொடங்கப் பணம் போட்டவர் லூயிஸ் கிளாப்ஷ், ஏற்கெனவே ஒரு கிறிஸ்தவ வார இதழை வெற்றிகரமாக நடத்தியவர். விற்பனை லட்சக்கணக்கில் ஏறியது. வாசகர்களை இழுத்தது பெரிய மனிதர்களின் பேட்டிகள்: எடிசன், ஆண்ட்ரூ கார்னகி, சிகாகோவின் பெரிய வியாபாரி மார்ஷல் ஃபீல்டு. அவற்றில் பலவற்றை எடுத்தவர் தியோடர் டிரைசர். அப்போது கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய இளைஞர். அந்தப் பேட்டிகளை மார்டன் பிறகு தொகுத்துத் தன் பெயரில் புத்தகங்களாகப் போட்டார். டிரைசரின் பெயர் அதில் இல்லை.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம். வெற்றி பெற்றவர்கள் வீட்டு வாசலில் குறிப்பேட்டோடு நின்ற அதே டிரைசர் 1900இல் 'சிஸ்டர் கேரி' நாவலைக் கொண்டுவந்தார். அதில் ஹர்ஸ்ட்வுட் என்ற மனிதர், சிகாகோவில் நன்றாக வாழ்ந்த ஒரு மதுக்கூட மேனேஜர், படிப்படியாக இறங்கி நியூயார்க்கில் பிச்சையெடுக்கும் நிலைக்கு வருவார். மார்டன் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை அவரிடம் கூலி வாங்கியவர் எழுதினார் என்றே எனக்குத் தோன்றும்.

ஈரோட்டு லாட்ஜ்காரர்: இது போதும் சார். அந்த நாவலை முதலில் படிக்கிறேன்.

கோடம்பாக்கம் குயில்: அப்போ மார்டனைப் படிக்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவே இல்லையே அம்மா. 70 வயதில், 1918இல், மூடிப்போன பத்திரிகையை மறுபடி தொடங்கிய ஆள் அவர். அந்தப் பிடிவாதத்தை எந்தக் குறையும் சொல்லிக் குறைக்க முடியாது. லாட்ஜ்காரரும் நீங்களும் மீதியை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது.

நெல்லைச் சீமை: மார்டனின் முதல் புத்தகக் கைப்பிரதி தீயில் எரிந்து திரும்ப எழுதினாராமே, உண்மையா?

எரிந்தது, திரும்ப எழுதினார். இரவு உடையோடு ஓடியது, 25 சென்ட் கொடுத்து நோட்டுப் புத்தகம் வாங்கியது, சாம்பல் ஆறுமுன் உட்கார்ந்து எழுதியது எல்லாம் பிறகு சேர்ந்த மசாலா மணத்தோடு வருகிறது. மார்கரெட் கானலி பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

முதல் தலைமுறை: இவர்தானே "நண்பர்களைப் பெறுவது எப்படி" எழுதிய கார்னகிக்குக் குரு?

கார்னகிகள் இருவர். எஃகு ஆலை நடத்தியவர் ஆண்ட்ரூ, 1835இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். புத்தகம் எழுதியவர் டேல், 1888இல் மிசூரியில் பிறந்தவர். சொந்தபந்தம் ஏதும் இல்லை. டேல் தன் குடும்பப் பெயரின் எழுத்தையே பிறகுதான் கார்னகி என்று மாற்றிக்கொண்டார். அவருடைய அந்தப் புத்தகம் வந்தது 1936இல், மார்டன் இறந்து 12 வருஷம் கழித்து.

மதுரை மல்லி: நெப்போலியன் ஹில்லை விட்டுவிட்டீர்களே?

அடுத்த தலைமுறை முன்னேற்ற நூல் எழுத்தாளர். ஆண்ட்ரூ கார்னகி தன்னை அழைத்து இருபது வருஷ வேலை ஒப்படைத்தார் என்று ஹில் சொல்லிக்கொண்டார். அவர் வாயைத் தவிர அதற்கு வேறு சான்று இல்லை. கார்னகி இறந்த பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. பக்க எண் கேட்கும் பழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள்.

தூத்துக்குடி உப்பு: வ.உ.சி. சிறையில் இருந்தபோது மொழிபெயர்த்தது மார்டன் புத்தகம்தான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எங்கள் ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன்.

பேசியவர் ஆளை மாற்றிவிட்டார். வ.உ.சி. தமிழாக்கியது ஜேம்ஸ் ஆலனை. ஆலன் ஆங்கிலேயர், லெஸ்டரில் பிறந்து, இல்ஃபிரகோம்ப் என்ற கடலோர ஊரில் எளிமையாக வாழ்ந்து 1912இல் இறந்தவர். அவருடைய நூல்தான் 'மனம்போல வாழ்வு' ஆனது. 'அகமே புறம்' வந்ததும் ஆலனிடமிருந்தே. குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. எண்ணம் எப்படியோ வாழ்வு அப்படி என்ற பேச்சு இரண்டு பேரிடமும் இருக்கிறது. 1900க்குப் பிறகு மார்டன் 'புதிய சிந்தனை' என்ற அமெரிக்க இயக்கத்தோடு நெருங்கினார். பின்னாளைய புத்தகங்களில் உழைப்பு கொஞ்சம் பின்னால் போய், எண்ணத்தின் சக்தி முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஆலனின் தொனி வேறு. அவர் செல்வத்தைவிட மன அமைதியைத்தான் பேசினார். கப்பல் கம்பெனி நடத்தி, அதற்காகவும் சுதேசியத்துக்காகவும் எல்லாம் இழந்து, செக்கிழுத்த மனிதருக்கு எது பிடித்தது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூட்டத்தில் பேசியவரைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள்.

ரகசியம் தெரிந்தவன்: எண்ண அலைகளை அனுப்பினால் பணம் வரும் என்று மார்டன் நிரூபித்தாரா?

இல்லை. அவர் பத்திரிகையே 1911-12இல் முடங்கியது.

மொழிபெயர்ப்பு ஆசை: இவரைத் தமிழில் கொண்டுவர யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் ஐயா?

யாரிடமும் வேண்டாம். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைதான் உரிமை, இவர் இறந்தது 1924. ஆனால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பதிப்புகளில் யாரோ சுருக்கி, திருத்தி, முன்னுரை சேர்த்திருப்பார்கள். அந்தக் கை வைத்த பகுதி இலவசம் இல்லை. பழைய பதிப்பையே எடுங்கள். அதிலும் முதல் பதிப்பு ஒன்று, அவரே 1911இல் விரித்துப் போட்ட பெரிய பதிப்பு ஒன்று என்று இரண்டு உண்டு. சின்னதையே எடுங்கள், கதைகள் குறைவு, மூச்சு முட்டாது. பெயர்களுக்கு அடிக்குறிப்பு போடுங்கள். அவர் கொண்டாடிய தளபதிகளில் பாதிப் பேரை இன்று அமெரிக்கர்களுக்கே தெரியாது.

கரிசல் காடு: ஐயா, கைப்பிரதி எரிந்தது உண்மையா?

நெல்லைச் சீமைக்குச் சொன்ன பதில்.

சேலத்து மாம்பழம்: பக்க எண் கேட்டேன். அனுப்பியவர் என்னைக் குழுவை விட்டே நீக்கிவிட்டார்.

பதில் கிடைத்துவிட்டதே!