போஜ்பூர் கத்தி – கடிதம்

வணக்கம் சார்,

நான் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். எங்கள் பிரிவில் 2014-இல் வந்து சேர்ந்த நேப்பாளி ஒருவர் போன மாதம் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் கேண்டீனில் டீ குடிக்கும்போதுதான், அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் குக்குரிக் கத்தி அடிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தது. கிழக்கு நேப்பாளத்தில் போஜ்பூர் பக்கமாம். இனி தானும் அதையே செய்யப்போவதாகச் சொன்னார். இத்தனை வருடம் கையுறை உருவிய கை மறுபடி சுத்தியல் பிடிக்கப் போகிறதே என்று எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன். கல்லூரியில் படிக்கும் மகள், "குலத்தொழிலுக்குத் திரும்பிப் போறதுல என்னப்பா நெகிழ்ச்சி?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நேப்பாளம் போய்வந்தவர் என்பதால் கேட்கிறேன். கூடவே ஒரு சின்ன சந்தேகம்: குக்குரியை உறையிலிருந்து உருவினால் ரத்தம் காட்டாமல் உள்ளே வைக்கக்கூடாது என்கிறார்களே, நிஜமா?

எம்., கிள்ளான்

அன்புள்ள எம்.,

சின்ன சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். அது கட்டுக்கதை. நேப்பாள மலைக்கிராமங்களில் குக்குரி என்பது நம் வீட்டு அரிவாள் மாதிரி. விறகு பிளக்க, மூங்கில் சீவ, தசைன் பண்டிகைக்கு ஆடு வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். விறகு பிளக்கும்போதெல்லாம் ரத்தம் காட்ட வேண்டுமென்றால் ஊரில் ஒருவருக்கும் விரல் மிஞ்சாது. உறைக்குள் கூடவே இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும். ஒன்று கர்தா, சில்லறை வேலைக்கு. இன்னொன்று கூர் இல்லாத சக்மக், தீட்டவும் நெருப்புத் தட்டவும். நம் சக்கிமுக்கிக் கல்லும் இதே சொல்தான்.

ரத்தக்கதை வந்தது பட்டாள வழியில். 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனி நேப்பாளத்தோடு சண்டை போட்டது. எதிரியின் தைரியத்தைப் பார்த்து அசந்துபோய் அவர்களையே தன் படையில் சேர்த்துக்கொண்டது. அப்புறம் கூர்க்காவும் குக்குரியும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. நம் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு போகிறவருக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. கத்தியைப் பிடித்தவருக்குக் கிடைத்த பெயர் இது. அடித்தவருக்கு என்ன பெயர் கிடைத்தது? உங்கள் மகள் கேட்பது இதைத்தான்.

அடித்தவருக்குக் கிடைத்தது ஒரு சாதிப் பெயர்: காமி. இன்று பெரும்பாலும் விஸ்வகர்மா என்று போட்டுக்கொள்கிறார்கள், சுருக்கமாக பி.கே. தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் ஊர் விஸ்வகர்மாக்கள் பூணூல் போடுகிறவர்கள், பிராமணர்களுக்குச் சமம் என்று வழக்காடியவர்கள். அதே பெயர், அதே உலை, அதே பட்டறைக்கல். ஆனால் நேப்பாள மலையில் காமிகளைத் தீண்டத்தகாதவர்கள் ஆக்கி வைத்தார்கள். 1854-இல் வந்த முலுக்கி ஐன் என்ற சட்டமே அப்படி எழுதி வைத்தது: இவர்கள் கையால் தண்ணீர் வாங்கக்கூடாது, இவர்கள் தொட்டால் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். 1963-இல் சட்டம் மாறியது. 2011-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச்சட்டமும் வந்தது. 2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், தான் காதலித்த மேல்சாதிப் பெண்ணை அழைத்துவரப் போன ஒரு தலித் இளைஞனும் கூடப் போன நண்பர்களும், மொத்தம் ஆறு பேர், கும்பல் விரட்டியதில் பேரி ஆற்றங்கரையில் உயிரை விட்டார்கள்.

நான் பார்த்த பட்டறை, ஆரன் என்று சொல்வார்கள், கிழக்கு நேப்பாளத்தில் தரான் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக்கூரை. பெரியவர் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கத்தாரிலிருந்து திரும்பி வந்த மகன் சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தார். இரும்பு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அடித்து வளைத்து, ராவி, கடைசியில் பழுக்கக் காய்ச்சினார்கள். இதைத் தொட்டியில் முக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முக்கவில்லை. பெரியவர் ஒரு டீக் கெட்டிலை எடுத்தார். அதன் மூக்கிலிருந்து நூல் மாதிரித் தண்ணீரை வெட்டும் விளிம்பில் மட்டும் ஓட்டினார், அடியிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து அடிக்கு. விளிம்பு இறுக வேண்டும், முதுகு இறுகக்கூடாது. முதுகும் இறுகிப்போனால் கட்டையில் ஓங்கிப் போடும்போது கத்தி முறிந்துவிடும். அளவு என்று ஒன்றும் இல்லை. நிறத்தைப் பார்க்கிறார், சத்தத்தைக் கேட்கிறார், கெட்டிலை நிமிர்த்துகிறார். அவ்வளவுதான். நான் வாய் பிளந்து நின்றேன்.

வெயில் வேறு. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். அப்புறம் மகன் உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்தார்.

சரி, இந்தத் தொழிலை விட்டு ஏன் போனார்கள்? வெறும் வறுமை என்று சொல்லி முடிக்க முடியாது. பாலி கரே என்றொரு முறை அங்கே உண்டு. வருடம் முழுக்க ஒரு வீட்டுக்குக் கொழுவும் அரிவாளும் அடித்துத் தர வேண்டும், அறுவடையில் அந்த வீட்டுக்காரர் கொடுக்கும் தானியத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் களத்தில் கூலி அளந்த மாதிரிதான். எவ்வளவு என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்வார். விலை சொல்கிற பழக்கமே இல்லாமல் தலைமுறைகள் ஓடிவிட்டன. வெளிநாடு போனால் மாதச் சம்பளம், அதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்காக மூணு வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். மலேசியாவுக்கு ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்கவேண்டும் என்று இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டது 2018 அக்டோபரில்தான். உங்கள் நண்பர் அதற்கு முன்னாலேயே வந்தவர். முதல் ஒன்றிரண்டு வருடம் வட்டிக்கே உழைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிப் போகிறவரை அங்கே லாஹூரே என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லாகூருக்குப் போய் ரஞ்சித் சிங் படையில் சேர்ந்தவர்களுக்கு வைத்த பெயர். பிறகு பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் போனவர்களுக்கும் ஆனது. கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவரையும் இன்று அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்கள் மகள் சொல்வதில் தப்பில்லை. 1953-இல் சென்னை மாகாணத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தபோது அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து ஒழித்த ஊர் நம்முடையது. அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குச் சுருக்கென்று தைக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் நண்பரை யாரும் அந்த உலைக்குப் பிடித்துத் தள்ளவில்லை. வேறு வேலை தெரிந்து, வேறு நாடு பார்த்து, கையில் கொஞ்சம் காசோடு போகிறார். வேண்டாமென்றால் நாளைக்கே தரானில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைக்கலாம். அவருடைய அப்பாவுக்கு அந்த வழி இருந்ததில்லை. அதனால் நான் இதைத் திரும்பிப் போவது என்று நினைக்கவில்லை. நெகிழ்வதற்கும் எனக்குத் தயக்கம்தான். கரி எரிக்கச் சமுதாயக் காட்டுக் குழுவிடம் அனுமதிக்கு நிற்க வேண்டும். காட்மாண்டுவின் தமேல் கடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற விலையில் பட்டறைக்கு வருவது கொஞ்சம். முதுகு வலிக்கும்.

அன்று நான் ஒரு கத்தி வாங்கினேன். விலை கேட்டதும் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஹிந்தியில், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்றார். மகன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாலாயிரம் ரூபாய்" என்றார். நேப்பாள ரூபாய்தான். மதுரைக்காரன் இல்லையா, மூவாயிரம் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். மூவாயிரத்து ஐந்நூறு வரை ஏறினேன். பெரியவர் தவித்துப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மகன் கையமர்த்தினார். நாலாயிரம் எண்ணிக் கொடுத்தேன். அவர் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பட்டையை உலைக்குள் செருகினார்.