குன்னூர் மூடுபனியில் ஏர் ரைபிளுக்கு எந்த ரெட் டாட் சைட் ஏற்றது?

நீங்கள் குன்னூர்ப் பக்கம் இருப்பதாகவும், 0.177 அங்குலக் குழல் விட்டமுள்ள ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று வைத்திருப்பதாகவும், 10 முதல் 30 மீட்டர் தூரத்தில் இலக்குத் தாளைச் சுட்டுப் பழக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரெட் டாட் சைட்டுகளில், அதாவது ஒளிப்புள்ளியை இலக்கின்மேல் காட்டும் குறிகாட்டிகளில், திறந்த வகை, குழாய் வகை, ஹோலோகிராபிக் வகை ஆகிய மூன்றில் எதை வாங்கலாம், அது பின்னாளில் போட்டிக்கும் உதவுமா என்பவை உங்கள் கேள்விகள். கோத்தகிரியில் நெடுநாளாகக் குறி பார்த்துச் சுட்டுப் பழகி வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மலைக்குக் குழாய் வகைதான் பொருத்தம்; ஆனால் போட்டிதான் நோக்கம் என்றால் மூன்றில் எதையும் வாங்க வேண்டாம்.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டும், ஏர் பிஸ்டல் போட்டியில் முன்குறியும் பின்குறியும் மட்டும் கொண்ட ஓப்பன் சைட்டும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. ஒளிப்புள்ளி காட்டும் எந்தக் கருவிக்கும் அங்கே இடமில்லை. அந்த ரைபிள் இலக்கின் 10 புள்ளி வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கடையில் கிடைக்கும் ரெட் டாட்களில் சிறியதாகக் கருதப்படும் 2 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளியே 10 மீட்டரில் ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டர் அகலத்தை மறைத்துவிடும் என்பதைப் பார்த்தால், விதி தடுக்காவிட்டாலும் அது அங்கே உதவாது என்பது விளங்கும். ரெட் டாட்டுக்கு உரிய விளையாட்டுக் களம் வேறு: ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளின் ஓப்பன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவுகள் போல, விரைவாக இலக்கு மாற்றிச் சுடும் போட்டிகள். அவை தோட்டா போட்டுச் சுடும் கைத்துப்பாக்கிகளுக்கானவை. அவற்றை வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

இனி பொழுதுபோக்காகச் சுடுவதற்கு வருவோம். இந்தக் கருவியின் அடிப்படைக் கருத்து 1900ஆம் ஆண்டில் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் வடிவமைத்த ஒளியெதிரொளிப்புக் குறிகாட்டியிலிருந்து வருகிறது. மின்கலத்தில் இயங்கும் முதல் ரெட் டாட்டை 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கம் இருக்கும் சிறு எல்.இ.டி. விளக்கின் ஒளி, முன்னால் உள்ள வளைந்த லென்ஸின் சிறப்புப் பூச்சில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புவதால், புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் தோன்றாமல் தொலைவில் இலக்கின்மேல் நிற்பதுபோல் தெரிகிறது. உருப்பெருக்கம் கிடையாது. முன்குறி, பின்குறி, இலக்கு என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கத் தடுமாறும் நாற்பது வயதைக் கடந்த கண்களுக்கு இது பெரிய நிம்மதி.

திறந்த வகையில் அந்த எல்.இ.டி.க்கும் லென்ஸுக்கும் இடையே வெறும் காற்றுதான் இருக்கிறது. சமவெளியில் இதனால் ஒரு குறையும் இல்லை. எடை குறைவு, பார்வைக்குச் சட்டமும் மெல்லியதாக இருக்கும், விலையும் பெரும்பாலும் மலிவு. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் கூடலூரும் பந்தலூரும் நனைந்து முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும் மாவட்டம் இது. மழையே இல்லாத நாளிலும் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து, எதிரே உள்ள சில்வர் ஓக் மரங்களை மறைத்துவிடும். அத்தகைய சாரலில் ஒரே ஒரு நீர்த்துளி எல்.இ.டி.யின் மேல் உட்கார்ந்தால் போதும், புள்ளி சிதறிப்போகும் அல்லது மறைந்தே போகும். லென்ஸின் உட்புறத்தில் ஈரம் படிந்தால் புள்ளி இழுபட்டுத் தெரியும். அந்த இடுக்கில் விரல் நுழையாது, பஞ்சு சுற்றிய குச்சியால்தான் துடைக்க வேண்டும்.

குழாய் வகையிலோ விளக்கும் லென்ஸும் முன்னும் பின்னும் கண்ணாடியிட்டு அடைக்கப்பட்டிருப்பதால், ஈரம் வெளிக்கண்ணாடியில் மட்டுமே படியும். துணியால் ஒருமுறை ஒற்றினால் வேலை முடிந்தது. நல்ல தயாரிப்புகளில் உள்ளே நைட்ரஜன் நிரப்பப்பட்டிருக்கும் என்பதால் உட்புறம் பனிப்பதில்லை. முன்கண்ணாடி முழுக்க மூடிப்போனாலும், இரு கண்களையும் திறந்து வைத்திருந்தால் ஒரு கண் புள்ளியையும் மறு கண் இலக்கையும் பார்க்க, குறி ஓரளவு கைகூடும். குழாய்போல் நீளாமல் சிறு பெட்டி வடிவில் அடைக்கப்பட்டவையும் இப்போது உண்டு. எய்ம்பாயிண்ட் ஏக்ரோ, ஹோலோசன் 509டி போன்றவை அந்த வகை. அவையும் மூடுபனிக்கு ஏற்றவையே, ஆனால் ஏர் ரைபிளுக்கு அந்த விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

எந்த வகையானாலும் அதைக் கண்ணுக்கு மிக அருகில் பொருத்தாதீர்கள். டெலஸ்கோப்புக்கு இருப்பதுபோல் ரெட் டாட்டுக்குக் குறிப்பிட்ட கண் தூரம் என்று ஒன்று இல்லையாதலால், ரைபிளின் மேல் சைட்டைப் பொருத்தும் தடமான ரெயில் இடம்கொடுக்கும் அளவுக்கு முன்னே தள்ளி வைக்கலாம். டிசம்பர் காலை மூச்சு பின்கண்ணாடியில் ஆவியாகப் படிவது அதனால் பெரிதும் குறையும்.

ஹோலோகிராபிக் வகையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அதில் எல்.இ.டி.க்குப் பதிலாக லேசர் இருப்பதால் மின்கலம் ஏறத்தாழ 1,000 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எய்ம்பாயிண்டின் மைக்ரோ எச்-2 போன்ற எல்.இ.டி. வகை ஒரே சி.ஆர். 2032 மின்கலத்தில் 50,000 மணி நேரம் வரை ஓடும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. இந்த வகையில் பெயர்பெற்ற இயோடெக் கருவிகள் கடுங்குளிரிலும் ஈரப்பதத்திலும் சொன்னபடி இயங்கவில்லை என்ற வழக்கில், அதன் தாய் நிறுவனம் 2015இல் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதன் பின் வந்த கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆயினும் தாளில் பெல்லட் துளை போடுவதற்கு அவ்வளவு செலவு வீண்.

புள்ளியின் அளவில் 2 அல்லது 3 எம்.ஓ.ஏ.வைத் தேர்ந்தெடுங்கள். 6 எம்.ஓ.ஏ. புள்ளி 30 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் மறைத்துவிடும். பச்சைப் புள்ளி கண்ணுக்கு இதமானது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். தேயிலைச் சரிவைப் பின்புலமாக வைத்துச் சுடும் நமக்குச் சிவப்பே எடுப்பாகத் தெரியும். மூடுபனியில் வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் படரும், ஆகவே குறைத்து வைப்பதே நல்லது. எவ்வளவு குறைத்தாலும் புள்ளி நட்சத்திரம்போலவோ வால் முளைத்ததுபோலவோ தெரிந்தால், அதைக் கைப்பேசிக் கேமரா வழியாகப் பாருங்கள்: அங்கே வட்டமாகத் தெரிந்தால் கருவியில் குறையில்லை, உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் என்ற வளைவுக் குறை இருக்கக்கூடும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைப்பதால், தோட்டாத் துப்பாக்கியின் உதையைத் தாங்கும் சைட்கூட இதில் கழன்றோ பழுதாகியோ போவதுண்டு. ஏர் ரைபிளுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான ஏர் ரைபிள்களில் இருப்பது 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளம். பெரும்பாலான ரெட் டாட்கள் வருவதோ அதைவிட அகலமான பிக்கட்டினி ரெயிலுக்கு. இடையில் ஒரு அடாப்டரும், பின்னோக்கி நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின்னும் வேண்டியிருக்கும்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு வனவிலங்கையோ பறவையையோ குறிவைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டையைக் கட்டுப்படுத்த 1879இலேயே தனிச் சட்டம் கண்ட மாவட்டம் நம்முடையது.

வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சைட்டை மேசையில் அசையாமல் வைத்து, 10 மீட்டர் தள்ளி ஒரு குறியில் புள்ளியை நிறுத்தி, தலையை மட்டும் இடம் வலமாக நகர்த்துங்கள். பாரலாக்ஸ் (தலை நகரும்போது புள்ளியும் இடம் மாறித் தெரிவது) இல்லை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் இவ்வளவு அருகில் புள்ளி சற்று நகரத்தான் செய்யும். 20 மில்லிமீட்டர் லென்ஸில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்போது அது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் நின்றால் இயல்பானது. அதைத் தாண்டி ஓடினால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.